அலசிய ஆறு பாட்டில்கள்

புதன்கிழமை காலை புதிய பெட்டி வந்தது. அதுவரை பாட்டில்கள் ஸ்டோரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டில்தான் வரும். ஸ்டோர்காரருக்கு அட்டைப்பெட்டி என்றாலே ஆகாது. கரப்பான் குடியேறிவிடும் என்று, வந்த அன்றே கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவார். அன்றைக்கு அவர் விடுப்பு. அதனால் பெட்டி பெட்டியாகவே வந்து, சோதனைக்குக் குடிநீர் மாதிரி எடுக்கும் பெண்ணின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

அவளை ஆபீஸில் எல்லோரும் சீசா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருத்தெருவாகப் பாட்டில் தூக்கிக்கொண்டு அலைவதால் வந்த பெயர். குழாய் பதிக்கும் மேஸ்திரி வைத்தது. முதலில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க ஒரு நொடி பிடிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். முதல் மூன்று மாதம் ரசாயனப் பிரிவில் இருந்தாள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தண்ணீரைச் சோதிக்கப் போகிறோமோ அதிலேயே கொஞ்சம் பிடித்து, குலுக்கி, கொட்டவேண்டும். அப்படி மூன்று முறை அலசிய பிறகுதான் பாட்டிலை நிரப்பவேண்டும். அதை அவள் ஒரு நாள் கூட மறந்ததில்லை. பிறகு கிருமிப் பிரிவில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். போகிற அவசரத்தில் சாவியைக் கொடுத்தார். குழாய் வாயைத் தீயில் காட்டணும், மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது என்று இரண்டு விஷயம் சொன்னார். அலசுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. நன்றாகத் தெரிந்ததை யார் கேட்பார்கள்?

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எதையும் படிக்காமல் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள்.

பாட்டிலின் அடியில் உள்ள வெள்ளைத் தூளை அகற்றக் கூடாது. பாட்டிலை அலசக் கூடாது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை முறிப்பதற்காகவே இந்தத் தூள். குளோரின் முறியாவிட்டால், சோதனைச்சாலைக்கு வரும் வழியிலேயே கிருமிகள் இறந்துவிடும். முடிவு தவறாகும்.

மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்துகள் மட்டும் தெரிந்தன, அர்த்தம் ஏறவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் சிட்டிகை அளவு வெள்ளை. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு மாதமாக ஒவ்வொரு பாட்டிலிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு தடவை ஸ்டோர்காரரிடம் புகார்கூடச் சொன்னாள், பாட்டிலுக்குள் ஏதோ சுண்ணாம்புத் தூசி இருக்கிறது என்று. கழுவிக்கோம்மா, கை தேஞ்சா போயிடும் என்றார் அவர். அதிலிருந்து இன்னும் கவனமாக அலசினாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். 

நான்கு மாதத்தில் எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குழாய்களிலிருந்து எடுத்தவை. அவற்றை வாரம் ஒருமுறை நீரேற்று நிலையத்திலும் தனியாகச் சோதிப்பார்கள். அங்கே ஏதாவது தப்பினால் இங்கே மாட்டும், இங்கே தப்பினால் அங்கே மாட்டும். ஆனால் ஒரே ஒரு இடம் அப்படியில்லை. சரிவுத் தெரு.

சரிவுத் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எழுபது வருடத்துப் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். புதுக் குழாய் போட்டால் முறை இதுதான்: உள்ளே ஒரு நாள் முழுக்கக் கடுமையான குளோரின் தண்ணீர் நிற்கவேண்டும். வேலைக்காரர்கள் அதை மருந்து என்பார்கள். பிறகு அதை வெளியேற்றிவிட்டு, ஆறு இடத்தில் மாதிரி எடுக்கவேண்டும். ஆறிலும் கிருமி இல்லை என்று வந்தால் மாதிரி எடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கப்புறம்தான் வீடுகளுக்கு வால்வு திறக்கும். கடைசிக் கையெழுத்து அவளுடையது. அவளுக்குப் பிறகு பார்க்க யாரும் இல்லை.

அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். அன்றன்றைக்குச் செய்ததை எழுதி வைப்பாள். செய்தோமா இல்லையா என்று பிறகு தன்னையே நம்ப முடியாமல் போகும் என்பதற்காக எழுதுவது. சரிவுத் தெரு நாளின் பக்கம் கிடைத்தது. வீட்டு எண் நான்கு. காலை ஒன்பது பத்து. குழாய் வாயைச் சுட்டேன். மூன்று முறை அலசினேன். குளோரின் அதிகம், மாத்திரை போட்டதும் அடர்ந்த ரோஜா நிறம். அடுத்து வீட்டு எண் இருபத்தேழு. மூன்று முறை அலசினேன். இப்படியே ஆறு இடம். மூன்று முறை என்பதன் கீழே ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டிருந்தாள்.

குளோரின் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் மாத்திரை அது; அடர்ந்த ரோஜா நிறம் என்றால் மருந்து முழுவதும் வெளியேறவில்லை. அந்த மருந்துத் தண்ணீர், முறிக்கும் தூள் இல்லாத பாட்டிலில், வேனில் நான்கு மணி நேரம் குலுங்கிக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போயிருக்கிறது. உள்ளே எது இருந்திருந்தாலும் போகிற வழியிலேயே செத்திருக்கும். முடிவு ஆறும் சுத்தம் என்று வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். தெருவுக்குத் தண்ணீர் திறந்து இன்றோடு ஒன்பது நாள்.

சுத்தமாகவே இருக்கலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மருந்து போட்ட குழாய். மேஸ்திரி முப்பது வருட அனுபவக்காரர். அவர் வேலையில் அழுக்கு எப்படி வரும்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், நெஞ்சில் உட்கார்ந்த கல் இறங்கிவிடும். புதிய பாட்டில்கள் சிலவற்றைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேஸ்திரி அடுத்த தெருவில் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். அங்கேயும் பழைய குழாயை எடுக்கிறார்கள். வெட்டியெடுத்த துண்டுகள் மண்மேட்டில் வரிசையாகக் கிடந்தன. ஒரு சாண் அகலக் குழாய்தான். உள்ளே துரு கட்டி கட்டியாக வளர்ந்து, மூன்று விரல் நுழையும் துளைதான் மிச்சமிருந்தது. அதற்கு ஒரு கை தள்ளி, அதே பள்ளத்தில், சாக்கடைக் குழாய் போனது. அதன் மூட்டில் ஈரம் கசிந்து மண் கறுத்திருந்தது.

"வா சீசா," என்றார் அவர், நிமிராமல். "கையில பாட்டில் இல்லாம உன்னைப் பாத்தா அடையாளமே தெரியல. பாரு இதை. எழுபது வருஷமா பல்லே விளக்காத வாய் மாதிரி இருக்கு. இதுல வந்ததைத்தான் எல்லாரும் குடிச்சுட்டு இருந்திருக்காங்க."

"அண்ணே, சரிவுத் தெரு லைனைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"அதான் முடிஞ்சுபோச்சே. அந்தத் தெருவுல கால் வெச்சா டீ குடிக்காம விடமாட்டேங்கறாங்க. நேத்து மூணு வீட்டுல மூணு டீ. தூக்கமே வரல."

"மருந்து ஒரு நாள் முழுக்க நின்னுச்சா?"

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் நின்றது என்று சொல்லியிருக்கலாம். இது என்ன கேள்வி என்று திட்டியிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அவர் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். மற்ற ஆட்கள் காதில் விழாத தூரத்துக்கு, மண்மேட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"அந்தப் பெரிய மழை பெஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குத் தெருவோட கீழ்க்கோடியில கடைசி நாலு குழாய் மாட்டியாச்சு. வாயை மூடணும். மூடி இங்க இந்த சைட்டுல இருந்துச்சு. அரை மணி நேரத்துல எடுத்துட்டு வந்துடலாம்னு கிளம்பினேன். மழை விடல. காலையில போய்ப் பாக்கறேன், பள்ளத்துல முட்டி அளவு தண்ணி."

"குழாய் வாய் திறந்தா இருந்துச்சு?"

"திறந்துதான் இருந்துச்சு. பக்கத்துல வீட்டுச் சாக்கடை மூட்டு ஒண்ணு, மிஷின் பட்டு முன்னாடியே விரிஞ்சிருந்துது. நின்னது மழைத் தண்ணி மட்டும் இல்லம்மா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 

"நாலு குழாயையும் கழட்டிக் கழுவியிருக்கணும். எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள் பிடிக்கும். மறுநாள் மருந்து போடணும்னு இன்ஜினியர் மேடம் தேதி குடுத்துட்டாங்க. தண்ணிய அடிச்சு வெளியேத்தினோம். மருந்தை ரெண்டு பங்காப் போட்டேன். ஆனா உள்ள மூட்டுல சேறு ஒட்டியிருந்தா மருந்து மேலதான் கொல்லும், சேத்துக்குள்ள போகாது. மனசு அரிச்சுட்டே இருந்துச்சு. சரி, கடைசியில சீசா வருவா. ஏதாவது இருந்தா அவ பாட்டில் காட்டிக் குடுத்துரும், அப்பப் பாத்துக்கலாம்னு விட்டேன். ஆறும் சுத்தம்னு நீ சொன்னப்புறம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

ஆறும் சுத்தம் என்ற தாள் வந்தபோது தான் நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி மருந்து போட்ட குழாய், சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான் அண்ணே."

"சும்மா கேக்கறவ மூஞ்சி இப்படி இருக்காது."

சொல்ல வாயைத் திறந்தாள்.  பள்ளத்திலிருந்து யாரோ மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பியதும் அவள் நடக்கத் தொடங்கினாள்.

சரிவுத் தெருவின் மேல்முனையில் ஒரு மருந்துக்கடை. கல்லாவுக்கு மேலே வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும் கம்பி. அதில் இப்போது இரண்டு பொட்டலம்தான் தொங்கியது. அவள் பார்ப்பதைக் கடைக்காரர் பார்த்தார்.

"வேணுமா? சாயங்காலம் புது ஸ்டாக் வருது. இந்த வாரம் என்னமோ, ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. வெயில்ல வெளிய திங்கறதுதான்."

தெரு நெடுகப் புதிதாகப் போட்ட தார், கறுப்பு நாடா ஒட்டியதுபோலக் கிடந்தது. நான்காம் எண் வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் மாத்திரை போட்டாள். வெளிர் ரோஜா. தேவையான அளவு இருக்கிறது. நாற்பத்தெட்டாம் எண்ணில் போட்டாள். உற்றுப் பார்த்தால்தான் நிறம் தெரிந்தது. அங்கே பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் குழாய்க்கு அடியில் வாயை வைத்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் அதிகம் குடிப்பது என்று பந்தயம்போல. போதும் என்று சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். எண்பதாம் எண்ணைத் தாண்டி, தெருவின் கீழ்ப்பகுதியில் எந்தக் குழாயிலும் நிறமே வரவில்லை. மாத்திரை கரைந்தது, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

குளோரின் வழியிலேயே எதையோ எதிர்த்துத் தீர்ந்துபோயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வேறு காரணமும் இருக்கலாம். அவளுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நூற்று ஒன்பதாம் எண் அவள் அக்காவின் வீடு. மாமா பஸ் ஓட்டுகிறார், காலையிலேயே போய்விடுவார். கதவு திறந்தே இருந்தது. அக்கா எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

"வாங்க ஆபீஸரம்மா. வேலை நேரத்துல வந்திருக்கீங்க, ஆபீஸைப் பூட்டிட்டாங்களா?"

குழந்தை அவளைப் பார்த்தால் எப்போதும் கையை நீட்டித் தாவும். இன்று கண்ணை மட்டும் திருப்பியது. உதடு காய்ந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு இவனுக்கு?"

"பல்லு முளைக்குது. ரெண்டு நாளாத் தண்ணியாப் போகுது. நீயும் உங்க மாமா மாதிரி ஆரம்பிக்காத. உனக்குக் கூடத்தான் பல்லு முளைக்கறப்ப இப்படிப் போச்சு, நீ என்ன தேஞ்சா போயிட்ட?"

"பால் மாவை எந்தத் தண்ணியிலக்கா கலக்கற?"

"குழாய்த் தண்ணியிலதான்."

"கொதிக்க வெச்சா?"

"முன்னாடி வெச்சேன். அது துருத் தண்ணி. இப்ப எதுக்கு? என் தங்கச்சியே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்ட தண்ணி." அக்கா சிரித்தாள். "இந்த வரிசை பூரா நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். எதிர் வீட்டு அத்தை பழக்கதோஷத்துல பானையை அடுப்புல ஏத்தினாங்க. கேஸை ஏன் வீணாக்கறீங்க, எங்க வீட்டுப் பொண்ணு பாத்து விட்ட தண்ணின்னு அடுப்பையே அணைச்சுட்டு வந்தேன்."

சீசா குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டு, பெட்டி வந்ததிலிருந்து வரிசையாகச் சொன்னாள். வெள்ளைத் தூள், மூன்று முறை, மருந்து நிறைந்த பாட்டில், திறந்து கிடந்த குழாய் வாய். அக்கா நடப்பதை நிறுத்தினாள்.

"இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போக்கா. தண்ணியைப் பத்தி அவர்கிட்டச் சொல்லு. இனிமே வாய் கொப்பளிக்கக்கூட இந்தத் தண்ணி வேண்டாம். அப்புறம், இப்போதைக்கு யார்கிட்டயும்..."

"யார்கிட்டயும் என்ன?"

சீசா பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் சொல்ல வந்தியா?"

"இல்லக்கா. மேடத்துக்கிட்ட சொல்லணும். மறுபடி பாட்டில் எடுத்து, ரிசல்ட் வந்ததும் அவங்களே..."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"ஒரு நாள் ஆகும். ரெண்டு நாளும் ஆகலாம்."

"அதுவரைக்கும் எதிர் வீட்டுல குடிக்கட்டும்?"

அக்காவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சீசாவுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"சொன்னா உன் வேலை போயிடுமா?"

"போகலாம்."

"உன் வேலை போகும். எனக்கு இந்தத் தெருவுல முகம் போகும். அடுப்பை அணைச்சது நான்." குழந்தைக்குத் துண்டைச் சுற்றினாள். "போறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட சொல்லிட்டுப் போறேன். மத்த வீடு உன்னோடது." படியிறங்கும்போது திரும்பினாள். "இவனுக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

"டாக்டர்கிட்ட போக்கா," என்றாள் சீசா. 

அக்கா போனதும் வாசற்படியில் உட்கார்ந்து மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் குழாய் மாற்றும் திட்டத்தின் பொறியாளர். குரல் எப்போதும் நிதானமாக இருக்கும். யார் என்ன சொன்னாலும் அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பவர்.

"சரி, அலசிட்டே," என்றார், எல்லாம் கேட்ட பிறகு. "அதனால தண்ணி கெட்டிருக்குன்னு அர்த்தமா?"

"இல்ல மேடம்."

"சுத்தமாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"மேஸ்திரி கதை வேற. அவர் வாயால என்கிட்ட சொல்லட்டும். நீ இப்ப சரியான முறையில மறுபடி மாதிரி எடு. நாளைக்கு மத்தியானம் தெரிஞ்சுடும். அதுக்குள்ள வால்வை மூடினா நூத்திப்பன்னிரண்டு வீடும் ரோட்டுக்கு வரும். அப்புறம் அடுத்த தெருவுல பழைய குழாயை எடுக்கவே விடமாட்டாங்க. அந்தத் துருவையே குடிப்பாங்க. அதையும் யோசி."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. உறுதியாகப் பேசுகிறவர்கள் எதிரில் சீசாவுக்கு எப்போதும் இதுதான் நடக்கும். தான் நினைத்தது அப்படியே கரைந்துபோகும். சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் புதிய பெட்டியிலிருந்து கொண்டுவந்த பாட்டில்களை எடுத்தாள். நூற்று ஒன்பதில் முதல் பாட்டில். குழாய் வாயைச் சுட்டாள். தண்ணீரை ஓடவிட்டாள். மூடியைத் திறந்தாள். கை பழக்கத்தில் கொஞ்சம் பிடித்துக் குலுக்கப் போனது. அந்த நொடியில் நிறுத்தி, தூளோடு அப்படியே நிரப்பினாள். 

எதிர் வீட்டு மாடியில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைய நிறைய அந்தச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.

பாட்டிலைப் பைக்குள் வைத்தவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. திரும்பவும் படியில் உட்கார்ந்தாள். மேடம் கேட்ட கேள்வி, தண்ணீர் கெட்டிருக்கிறதா என்பது. அதற்குப் பதில் நாளைக்குத்தான் தெரியும். ஆனால் வால்வைத் திறக்க விதி கேட்டது அதுவல்ல. சுத்தம் என்று காட்டு, திறக்கிறேன் என்பதுதான் விதி. காட்டியது அவள். அவள் காட்டிய ஆதாரம் இப்போது இல்லை. கெட்டிருக்கிறது என்று அவள் நிரூபிக்கவேண்டியதே இல்லை.

இது சரிதானா என்று மூன்று முறை சரிபார்த்தாள். பையிலிருந்து படிவக் கட்டை எடுத்தாள். கார்பன் தாளைச் செருகி எழுதினாள். சரிவுத் தெரு புதிய குழாயின் ஆறு மாதிரி முடிவுகளும் செல்லாது. மாதிரி எடுத்தவர் பாட்டில்களை அலசிவிட்டார். அந்தக் குழாய்க்கு நான் கொடுத்த தகுதிச் சான்றைத் திரும்பப் பெறுகிறேன். தேதி, நேரம், கையெழுத்து. கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக வந்ததைப் பார்த்து அவளுக்கே ஒருமாதிரி இருந்தது. படம் பிடித்து மேடத்துக்கும் சோதனைச்சாலைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் அடித்தது.

"மேஸ்திரியை அனுப்பறேன். மூடட்டும். டேங்கர் லாரிக்கும் சொல்லியாச்சு," என்றார் மேடம். குரலில் கோபம் துளியும் இல்லை. "வீடு வீடாச் சொல்லு. நாளைக்கு ஆபீஸ்ல உன்கிட்ட பேசணும்."

மேஸ்திரி பைக்கில் வந்தார். தோளில் வால்வுச் சாவி; ஆளுயர இரும்புக் கம்பி. மேல்முனையில் மூடியைத் தூக்கிவிட்டுச் சாவியைக் குழிக்குள் இறக்கினார். அவள் அருகில் போய் நின்று, காலையில் சொல்ல முடியாததைச் சொன்னாள். அவர் சாவியைத் திருப்பாமல், அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்த ஆறு பாட்டில்லயும் என்னதான் இருந்துச்சு?"

"மருந்துதான் அண்ணே. வேற ஒண்ணும் தெரியறதுக்கு வழியே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். சாவியைத் திருப்பத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றையும் முணுமுணுத்து எண்ணினார். பதினாலில் நின்றது. காதைக் கம்பியில் வைத்துக் கேட்டார். ஓட்டம் இல்லை.

"குழாய் வாயை மூடாம விட்டதையும் எழுதிட்டியா?"

"இல்லண்ணே. அது நான் கண்ணால பாக்கல."

அவர் சாவியை வெளியே இழுத்தார். தெருவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கறுப்புத் தொட்டி.

"இதை மூடிட்டேன். அதுல இருக்கறதை எப்படி மூடறது? ரெண்டு நாளைக்குக் காணும்."

அவர் இடதுபக்க வரிசை, அவள் வலதுபக்க வரிசை என்று பிரித்துக்கொண்டு இறங்கினார்கள். குடிக்காதீங்க, சமைக்காதீங்க, பாத்திரம் கழுவாதீங்க, தொட்டியைத் திறந்துவிடுங்க. சிலர் கேட்டுவிட்டு உடனே உள்ளே ஓடினார்கள். ஒருவர், போன வாரம்தான் நல்ல தண்ணின்னு சொன்னீங்க, அடுத்த வாரம் என்ன சொல்வீங்க என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு பெண், நீதானே பஸ் டிரைவர் வீட்டுப் பொண்ணு என்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஆமாம் என்றாள் சீசா. 

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. பள்ளத்துக்குள் நின்று கத்திப் பழகிய குரல், மெதுவாகப் பேச வராது.

"குழாய்க்குள்ள சாக்கடை போயிருக்கும்மா. வாயை மூடாம விட்டது நான்தான். எழுதிக்குங்க, என் போன் நம்பர் சொல்றேன்."

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். அதற்கு அடுத்ததிலும்.

எண்பத்தேழாம் எண்ணில் நெடுநேரம் தட்டவேண்டியிருந்தது. திறந்தவன் இளைஞன். தூங்காத கண். வாசலைவிட்டு நகராமல், கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டான். அவள் சொல்லி முடித்த பிறகும் அப்படியே நின்றான்.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"ஒன்பது நாளா."

அவன் திரும்பி உள்ளே பார்த்தான். அவளும் பார்த்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அறை. கட்டிலில் ஒருவர் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. தோல் எலும்பிலிருந்து தளர்ந்து தொங்கியது. தலைமாட்டில் ஸ்டூல், அதன்மேல் பெரிய சொம்பு, பாதி காலியான டம்ளர்.

"அப்பா," என்றான் அவன். "முந்தாநாள்லேர்ந்து வயித்தால போகுது. காலையிலேர்ந்து கூப்பிட்டா முனகறாரு, எழுந்திரிக்கல. வெயில்தான்னு நினைச்சேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் தூக்கி உக்கார வெச்சு, தண்ணி குடிங்கப்பா, நிறையக் குடிங்கன்னு..."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாள். படுத்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தேடினாள். கிடைக்கவில்லை. இடத்தை மாற்றித் தேடினாள். மிக மெல்லியதாக ஒன்று, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து விரலை எடுக்காமல், வாசல்பக்கம் திரும்பி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லி மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.